மூடிய வானம், ஓயாத தூறல்: நிலக்காட்சி எடுக்கக் கிளம்புபவர்கள் பேசும் இழை

சாரல்விரும்பி:

மேகம் மூடிய நாட்களில் காடு, ஓடை, சிறு அருவி எடுப்பதாகத் திட்டம். கையில் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா பாடி, 16-35, 70-200 மி.மீ. லென்ஸ்கள், ஒரு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்), 6 ஸ்டாப் என்டி (ஒளியைக் குறைக்கும் கறுத்த ஃபில்டர்; ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), அலுமினிய முக்காலி இருக்கின்றன. இதுவரை எடுத்தவற்றில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வானம் வெள்ளைத் தாளாக நிற்கிறது, தரை சாம்பல் பூசியதுபோல் கிடக்கிறது. 16 மி.மீ.யில் எடுத்தவற்றில் நடுவே மங்கலான வட்டத் திட்டுகள் விழுகின்றன. எடுக்கும்போது திரையில் அவை தெரிவதில்லை. பனிமூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டு நிற்காமலே விட்டுவிடுகிறது.

கூடவே ஒன்று: வெதர் சீல் (நீரும் தூசியும் புகாமல் தடுக்கும் அடைப்பு) உள்ள பாடிதான். உறை இல்லாமல் தூறலில் பயன்படுத்தலாமா?

முக்காலி:

முதல் குறைக்கு மருந்து சுலபம். வானத்தை ஃப்ரேமிலிருந்து வெளியே தள்ளுங்கள்.

மூடிய வானத்துக்கும் அதன் கீழே இருக்கும் காட்டுத் தரைக்கும் மூன்று, நான்கு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். ஃப்ரேமின் மேல் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளை வானம் எட்டிப் பார்த்தாலும் மீட்டர் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடும், தரை இருண்டுபோகும். பிறகு கணினியில் தரையைத் தூக்கினால் சாம்பல்தான் வரும். அதே தரையைத் தனியாக எடுத்தால் நிழலும் வெளிச்சமும் சென்சாருக்குள் தாராளமாக அடங்கும், நிறமும் நிற்கும்.

அதனால் 16-35ஐப் பையிலேயே விட்டுவிட்டு 70-200ஐ மாட்டுங்கள். எதிர்ச்சரிவில் நிற்கும் மரக்கூட்டம், ஓடையில் இரண்டு பாறைக்கு நடுவே விழும் நீர், ஈரத்தில் கறுத்த அடிமரமும் அதன்மேல் பாசியும் என வானமே தேவைப்படாத காட்சிகள் நூறு இருக்கின்றன. நனைந்த மரப்பட்டை உலர்ந்ததைவிட நன்றாகக் கறுத்திருக்கும், அதன் முன்னால் இலைப் பச்சை எடுப்பாகத் தெரியும். வெயில் நாளில் இது கிடைக்காது.

சாரல்விரும்பி:

வானத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தால்?

முக்காலி:

மேகத்துக்கு உருவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே சீராகப் பரவி மழை பெய்துகொண்டிருக்கும் மேகத்தில் படம் கிடையாது. மழை தொடங்கும் முன்பும் விட்ட பின்பும் மேகத்தின் ஓரம் கிழிந்து தொங்கும், அடிப்பாகம் சுருண்டு நிற்கும். அப்போது எடுக்கலாம்.

முறை: தரைக்கு ஒன்று, வானத்துக்கு அதைவிட 2 அல்லது 3 ஸ்டாப் குறைத்து இன்னொன்று. பிறகு இணைத்துக்கொள்ளலாம். கிராஜுவேட்டட் என்டி (மேல்பாதி மட்டும் கறுத்த ஃபில்டர்) கடலுக்கும் ஏரிக்கும் சரிப்படும். மரங்கள் தொடுவானத்தை அறுக்கும் இடத்தில் போட்டால் மரத்தின் தலைகள் கருகியதுபோல் ஆகிவிடும். இணைக்கும்போது காற்றில் ஆடிய கிளைகள் இரட்டையாகத் தெரியும், ஆகவே இரண்டு ஷாட்டையும் பிராக்கெட்டிங்கில் (வெளிச்ச அளவைக் கேமராவே மாற்றி எடுக்கும் வசதி) போட்டு அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள்.

நனைந்தபாறை:

நண்பரே, வானத்தை வெட்டிய பிறகும் பச்சை வெளிறித் தெரிந்தால் அதற்குக் காரணம் இலைமேல் இருக்கும் பளபளப்பு. ஈர இலை ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடி. மேலே இருக்கும் வெள்ளை வானம் அதில் தெரிகிறது. ஆயிரம் இலையில் ஆயிரம் வெள்ளைத் துண்டு. அதுதான் முழுக் காட்டுக்கும் சாம்பல் பூச்சாகத் தெரிவது. மென்பொருளில் நிறத்தைக் கூட்டினால் இது போகாது, பளபளப்புக்கு அடியில் நிறம் பதிவாகவே இல்லையே.

போலரைசரை மாட்டி, ஒரே ஓர் இலையைப் பார்த்தபடி வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். பளபளப்பு வடிந்து பச்சை மேலேறி வருவது கண்ணுக்கே தெரியும். நீர், இலை, ஈரப்பாறை போன்ற உலோகமல்லாத பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதாக மாறிவிடுகிறது, ஃபில்டர் அதைத் தடுக்கிறது. எந்தக் கோணத்தில் இது உச்சம் என்பதற்கு டேவிட் புரூஸ்டர் 1815இல் விதி சொன்னார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி. நீர்ப்பரப்பிலிருந்து அளந்தால் 37 டிகிரி. ஓடையைத் தலைக்கு நேர் கீழே பார்த்தாலும், தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தாலும் ஃபில்டர் வேலை செய்வது குறைந்துவிடும். கேமராவின் உயரத்தை மாற்றிப் பாருங்கள்.

இதற்கு விலை 1.5 முதல் 2 ஸ்டாப் வெளிச்சம். மூடிய வானத்தை இது கறுப்பாக்காது. வெயில் நாளில் அகலக் கோணத்தில் வானத்தின் ஒரு பாதி மட்டும் கருநீலமாகிற தொல்லையும் இங்கே இல்லை.

எப்போதும் முழு அளவுக்குத் திருப்ப வேண்டாம். ஓடை நீரின் பளபளப்பை முழுதாக எடுத்துவிட்டால் தண்ணீர் இருந்த இடம் கறுப்புக் குழியாகிவிடும். கறுத்த பாறையும் அப்படியே, அதன் மேடு பள்ளத்தைக் காட்டுவதே அந்த மினுக்கம்தான். இலைக்கு முழுதாக, நீருக்கும் பாறைக்கும் பாதியாக என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே ஃப்ரேமில் இருந்தால் இரண்டு ஷாட்.

கறுப்புக்குடை:

எல்லாம் சரிதான், தூறல்ல நின்னு திருப்பிப் பாத்துட்டு சொல்லுங்க. போலரைசர் மாட்டினா லென்ஸுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு கண்ணாடிப் பரப்பு. நடுவுல மாட்டின ஈரக்காத்து உள்பக்கமா ஆவி பிடிச்சிடும், துடைக்கணும்னா கழட்டணும், கழட்டினா லென்ஸ் முகத்துல சொட்டு. அதோட ஹுட் (லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு) மாட்டினா வளையத்தைத் திருப்பக் கை போகாது.

நனைந்தபாறை:

உண்மைதான். அதனால்தான் மாட்ட வேண்டிய இடம் முக்கியம்: கிளம்பும் முன், உலர்ந்த அறையில் மாட்டிவிடுங்கள், நாள் முழுக்கக் கழற்ற வேண்டாம். 70-200க்கான ஹுட்கள் சிலவற்றில் ஃபில்டரைத் திருப்பவென்றே கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். இல்லையென்றால் ஹுட்டைக் கழற்றித் திருப்பி, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரையும் 90 டிகிரி திருப்ப வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

கனமழையில் நானும் போலரைசர் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஈரமானி:

இரண்டாவது குறைக்கு வருகிறேன். அந்த வட்டத் திட்டு லென்ஸ் பழுதல்ல. முன்கண்ணாடியில் ஒட்டிய துளி.

கணக்கு இது. லென்ஸுக்குள் ஒளி புகும் துவாரத்தின் விட்டம் என்பது குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தது. 16 மி.மீ., எஃப்/11 என்றால் துவாரம் 1.5 மி.மீ.க்கும் குறைவு. காட்சியின் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி முன்கண்ணாடியில் ஏறக்குறைய அந்த அகலமுள்ள பாதை வழியாகத்தான் நுழைகிறது. 3 மி.மீ. துளி அந்தப் பாதையை முழுதாக அடைத்துவிடும், அந்த இடம் குழம்பிப்போகும். 200 மி.மீ., எஃப்/4 என்றால் துவாரம் 50 மி.மீ.; அதே துளி அதில் ஒரு புள்ளி, கொஞ்சம் மாறுபாடு குறைவதோடு சரி. அதனால்தான் அகலக் கோணத்தில் மட்டும் இப்படி.

திரையில் தெரியாததற்கும் இதுவே காரணம். மிரர்லெஸ் பாடிகள் பலவும் எடுக்கும்வரை துவாரத்தை அகலத் திறந்தே வைத்திருக்கும். அப்போது துளி கரைந்துபோனதுபோல் இருக்கும், ஷட்டர் விழும் நொடியில் எஃப்/11க்குச் சுருங்கியதும் வெளிப்படும். டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவ்யூ (துவாரத்தை முன்கூட்டியே சுருக்கிக் காட்டும் வசதி) பட்டன் ஒன்றை ஒதுக்கி, அதை அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள். அல்லது எடுத்ததைப் பெரிதாக்கி நான்கு மூலையும் நடுவும் பாருங்கள். மூன்று ஷாட்டுக்கு ஒரு தடவை போதும், காற்று எதிரே அடித்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும்.

சாரல்விரும்பி:

துவாரக் கணக்கு புதிது, புரிந்தது. துடைத்தால் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் படலம்போல் இழுவிக்கொள்கிறது. துணி சரியில்லையா?

ஈரமானி:

துணி ஈரமாகிவிட்டது. மைக்ரோஃபைபர் ஈரம் ஏறிய பிறகு நீரை உறிஞ்சாது, பரப்பும்.

வரிசை: லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஊதுபந்தால் பக்கவாட்டில் ஊதுங்கள், பெரிய துளிகள் ஓடிவிடும். மிச்சத்தை உறிஞ்சும் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். கடைசியாக உலர்ந்த மைக்ரோஃபைபரால் நடுவிலிருந்து வெளிநோக்கி ஒரு சுற்று. வாயால் ஊதாதீர்கள், அந்தக் குளிரில் மூச்சுக்காற்றே ஆவியாகப் படியும்.

ஐந்து துணி கொண்டுபோங்கள். ஜிப் பை இரண்டு, ஒன்றில் உலர்ந்தவை, மற்றதில் பயன்படுத்தியவை. எல்லாவற்றையும் ஒரே சட்டைப்பையில் திணித்தால் அரை மணி நேரத்தில் ஐந்தும் ஈரம்.

கறுப்புக்குடை:

துடைக்கிறதைவிட நனைய விடாம இருக்கிறது மேல். லென்ஸ் எப்பவும் தரையைப் பாத்து இருக்கணும். ஃப்ரேம், ஃபோகஸ் எல்லாம் முடியிற வரைக்கும் ஹுட் மேல ஒரு ஷவர் கேப்பைப் போட்டு வைங்க, எடுக்கிற நேரத்துல மட்டும் உருவுங்க. இதுக்கு மேல ஒரு கருவி தேவையில்ல.

யூவி ஃபில்டர் மாட்டுங்கன்னு யாராவது வருவாங்க. தண்ணிக்கு அது லென்ஸ் கண்ணாடியா ஃபில்டர் கண்ணாடியான்னு பேதமே தெரியாது.

பனிப்படலம்:

அந்த யாராவது நான்தான் :) துளிக்காக இல்லை, சீலுக்காகச் சொல்கிறேன். சீல் உள்ள லென்ஸ்கள் சிலவற்றுக்கு முன்பக்கம் ஃபில்டர் மாட்டினால்தான் காப்பு முழுமையாகும் என்று அவற்றின் கையேடே சொல்கிறது. கடற்கரையில் உப்புச் சாரல் அடிக்கும்போதும் ஃபில்டரைத் துடைத்துத் தேய்ப்பது லென்ஸைத் தேய்ப்பதைவிடப் பரவாயில்லை. காட்டுக்குள் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். போலரைசர் இருக்கும்போது யூவிமேல் அடுக்கவே கூடாது. 16 மி.மீ.யில் மூலை கறுக்கும், நடுவில் ஆவி நிச்சயம்.

உறை இல்லாமல் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெதர் சீல் என்ற சொல்லுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஐபி எண் (தூசி, நீர்க் காப்பைச் சோதித்துத் தரும் குறியீடு) கொடுத்திருந்தால் மட்டுமே அளந்து பார்த்தது என்று பொருள். ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1க்கு ஐபி53 என்று உண்டு. அதில் 3 என்பது செங்குத்திலிருந்து 60 டிகிரிவரை சாய்ந்து வரும் தெளிப்பைத் தாங்கும் என்று சொல்கிறது. அதுவும் சீல் உள்ள லென்ஸ் மாட்டியிருந்தால்தான். மற்ற பல பாடிகளுக்கு எண்ணே இல்லை.

நீர் நுழையும் இடங்கள்: லென்ஸ் மவுண்ட் (லென்ஸ் பக்கம் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள்), பேட்டரி மூடி, கேபிள் மாட்டிய துளை, ஹாட் ஷூ (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்). கேபிள் ரிமோட் மாட்டினால் அந்த ரப்பர் மூடி திறந்தே கிடக்கும். மழையில் 2 நொடி டைமரோ வயர்லெஸ் ரிமோட்டோ போதும். ஜூம் செய்தால் நீள்கிற லென்ஸ்களில் இன்னொரு சிக்கல்: நீட்டும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சுருக்கும்போது குழாய்மேல் ஒட்டிய நீர் உள்ளே போகும். சுருக்கும் முன் குழாயைத் துடையுங்கள்.

தூறலுக்கு உறை வேண்டாம். தொடர்ந்து பெய்தால் கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று, ஹுட் அளவுக்கு ஓட்டை, ஒரு ரப்பர் பேண்டு. அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், மூடிக் கட்டினால் உள்ளே வியர்க்கும்.

சாரல்விரும்பி:

தூறலில் திரை தானாக மெனுவுக்குத் தாவுகிறது, சில நேரம் முழுதாக அணைந்துவிடுகிறது. நீர் உள்ளே போனதன் அறிகுறியா?

ஈரமானி:

பெரும்பாலும் இல்லை. திரைமேல் விழும் துளியை விரல் என்று எடுத்துக்கொள்கிறது, டச் வசதியை அணைத்துவிடுங்கள். திரை அணைவது வ்யூஃபைண்டருக்கு அருகில் இருக்கும் கண் சென்சாரால். அதன்மேல் ஒரு துளி நின்றால் கண் வைத்துவிட்டதாக நினைத்துக் காட்சியை வ்யூஃபைண்டருக்கு மாற்றும். மெனுவில் திரை மட்டும் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டையும் அணைத்த பிறகும் பட்டன்கள் தாறுமாறாக இயங்கினால் அதுதான் அறிகுறி. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். இயக்கிப் பார்க்காதீர்கள்.

நனைந்தபாறை:

ஷட்டர் வேகம் பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் 6 ஸ்டாப் என்டியை விட்டுவிட்டே போகலாம்.

மூடிய வானத்தின் கீழ் அடர்ந்த மர நிழலில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 100, எஃப்/8இல் 1/15 நொடி அளவில் வரும். எஃப்/11 ஆக்கினால் 1/8. போலரைசர் 2 ஸ்டாப் தின்றால் 1/2 நொடி. ஓடைக்கு அதுவே போதும். அதன்மேல் 6 ஸ்டாப் போட்டால் 32 நொடி, தண்ணீர் நீராகவே இருக்காது, இலையெல்லாம் பச்சைக் குழம்பு.

மழைக்குப் பின் வேகமாக விழும் அருவிக்கு 1/8 முதல் 1/4. நூல்நூலாக இழைந்து இறங்கும் மெலிந்த ஓடைக்கு 1/2 முதல் 1. இரண்டு நொடியைத் தாண்டினால் நுரை எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகி, விவரம் எரிந்துபோகும். நீரின் வெள்ளைக்கு ஹிஸ்டோகிராமின் (இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பார்த்து அளவு வையுங்கள், அது முட்டக் கூடாது.

காற்றில் இலை ஆடினால் இரண்டு ஷாட். நீருக்கு ஐஎஸ்ஓ 100, 1/2 நொடி. இலைக்கு 1/125 வேண்டும், அது 6 ஸ்டாப் வேகம். ஐஎஸ்ஓ 3200க்கு ஏற்றினால் 5 ஸ்டாப் கிடைக்கும், துவாரத்தை எஃப்/8க்குத் திறந்தால் ஆறாவதும் கிடைத்துவிடும். இரைச்சல் (ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் விழும் புள்ளிகள்) இலையில் தெரியாது. கணினியில் இலைப்பகுதியை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

முக்காலி:

காற்று நிற்கும் இடைவெளிக்காகக் காத்திருப்பது இரண்டு ஷாட்டை ஒட்டுவதைவிட நல்லது. மேலே மரத்தலைகளைப் பாருங்கள், அவை நின்ற சில நொடிகளில் கீழே இருப்பதும் நிற்கும்.

கனமழைக்கு மறுநாள் ஓடை கலங்கிச் செம்மண் நிறத்தில் ஓடும். நீண்ட எக்ஸ்போஷரில் அது தேநீர்போல் தெரியும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு நாள் விட்டுப் போங்கள்.

பனிப்படலம்:

மூன்றாவது குறை, பனிமூட்டம்.

ஆட்டோஃபோகஸுக்கு விளிம்பு வேண்டும். பனியில் விளிம்பு இல்லை, அதனால் ஓடுகிறது. ஒற்றைச் சிறு புள்ளியைத் தேர்ந்து, இருப்பதிலேயே கிட்டத்தில் கறுத்து நிற்கும் அடிமரத்தின் ஓரத்தில் வையுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் மேனுவல்; திரையில் 10 மடங்கு பெரிதாக்கி மரப்பட்டையின் கோடு தெளிகிற வரை வளையத்தைத் திருப்பி, அப்படியே விட்டுவிடுங்கள். ஃபோகஸ் பீக்கிங்கை (தெளிவான விளிம்புக்கு நிறமிட்டுக் காட்டும் வசதி) நம்ப வேண்டாம், விளிம்பு மங்கிய காட்சியில் அது ஒன்றுமே காட்டாது.

எக்ஸ்போஷரில் கேமரா ஏமாறும். பனி நிறைந்த ஃப்ரேமை நடுத்தரச் சாம்பலாக்கிவிடப் பார்க்கும், படம் அழுக்குத் துணியாக வரும். கூட்டல் 0.7 முதல் 1.3 ஸ்டாப் வரை வையுங்கள். ஹிஸ்டோகிராம் ஒரு சின்ன மேடாக நடுவுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும். இரண்டு ஓரமும் காலியாக இருப்பதுதான் பனிமூட்டத்தின் இயல்பு.

பனி ஒரு தூரமானி. கிட்டத்து மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது வெளிர்சாம்பல். இந்த மூன்று அடுக்கும் ஃப்ரேமில் இல்லாவிட்டால் வெற்றுச் சுவர்தான் கிடைக்கும். பனி கெட்டியாக இருந்தால் இன்னும் கிட்டப் போங்கள். மழை விட்ட முதல் கால் மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள், மலைச்சரிவிலிருந்து ஆவி மேலெழும் நேரம் அது. அப்போது எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருப்பார்கள்.

சாரல்விரும்பி:

பெய்கிற மழையே படத்தில் தெரிய வேண்டுமென்றால்? எடுத்தால் மழை இருந்ததற்கு அடையாளமே இல்லை.

கறுப்புக்குடை:

பின்னாடி இருட்டு வேணும். வெள்ளை வானத்துக்கு முன்னாடி மழை தெரியவே தெரியாது, கறுத்த மரக்கூட்டம், பாறைச் சுவர், குகை வாய் முன்னாடி தெரியும்.

ஈரமானி:

2 மி.மீ. துளி நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். 1/60இல் அது 11 செ.மீ. கோடு, 1/125இல் 5 செ.மீ., 1/500இல் 1.3 செ.மீ. கோடாகத் தெரிய 1/60 முதல் 1/125 நல்லது. அதற்கு மேல் போனால் தூசி விழுந்தாற்போல் இருக்கும். 1/15க்குக் கீழே போனால் கோடு அவ்வளவு நீண்டு மெலிந்து மறைந்துவிடும், படம் மொத்தமும் ஒரு மூடாக்காக மாறும்.

லென்ஸ் 100 முதல் 200 மி.மீ., எஃப்/5.6. ஃபிளாஷ் வேண்டாம், கிட்டத்துத் துளிகள் எல்லாம் வெள்ளைப் பந்துகளாகிவிடும்.

சாரல்விரும்பி:

குடை பிடித்து எடுக்கலாமா? முக்காலியில் மாட்டும் கிளாம்ப் ஒன்று இருக்கிறது.

கறுப்புக்குடை:

கிளாம்ப்ல குடைய மாட்டினா அது குடை இல்ல, பாய்மரம். அரை நொடி ஷாட்டுல முக்காலி மொத்தமும் துடிக்கும். கையில பிடிங்க, காத்து வர்ற பக்கம் சாய்ச்சு. கம்பி முனையில சேர்ற சொட்டு லென்ஸ் மேல விழாம பாருங்க, மழையவிட அது பெருசு. நிறம் கறுப்போ சாம்பலோ. சிவப்புக் குடைய ஒரு முழத்துல இருக்கிற இலைக்கு மேல பிடிச்சா இலையும் சிவக்கும்.

முக்காலி:

முக்காலி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் பெயருக்காகவாவது சொல்ல வேண்டும்.

ஓடைக்குள் வைக்கும்போது மெல்லிய கடைசிப் பகுதியை முதலில் நீட்டுங்கள், பூட்டு நீருக்கு மேலே நிற்கும்படி. வழக்கத்துக்கு நேர் எதிர், ஆனால் திருகுப் பூட்டுக்குள் மணல் போகாது. காலை மணலில் அழுத்தி ஊன்றுங்கள், ஒரு கால் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கட்டும். ஊன்றியவுடன் எடுக்காதீர்கள், மணல் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நடுத்தண்டைத் தூக்கவே வேண்டாம். பையை அதில் தொங்கவிடுவது காற்று இல்லாதபோது மட்டும் உதவும். காற்றில் பை ஊஞ்சலாடி அதுவே ஆட்டத்தைத் தரும். தொங்கவிட்டே ஆக வேண்டுமானால் பையின் அடி தரையைத் தொடட்டும்.

திரும்பியதும் எல்லாப் பகுதியையும் நீட்டிவைத்துக் கவிழ்த்து உலர்த்துங்கள். மடக்கி வைத்தால் உள்ளே தேங்கிய நீர் வாரக்கணக்கில் இருக்கும். கடல்நீரில் வைத்திருந்தால் கழற்றி நல்ல நீரில் அலசி, கிரீஸ் புதிதாக இட வேண்டும்.

நனைந்தபாறை:

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஓடைக்குள் இறங்குவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம்.

நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்தான் என்றாலும் மேலே மலையில் கொட்டியிருக்கலாம். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலும், ஓசை தடித்தாலும் கேமராவை முக்காலியோடு தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். எதிர்க்கரைக்குக் கடக்க முயலக் கூடாது. அதனால் திரும்பும் பாதை எந்தக் கரையில் இருக்கிறதோ அதே கரையில் நின்று எடுப்பதே நல்லது.

பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரியும். கறுத்து மெழுகுபோல் இருக்கும் படலம் தெரியாது, அதில்தான் கால் போகும். கல்லின்மேல் கால் வைக்காமல் கற்களுக்கு இடையே வையுங்கள். இரண்டு கையிலும் பொருள் வேண்டாம்.

இடி கேட்டால்: மின்னலுக்கும் ஓசைக்கும் இடையே 3 நொடி என்றால் ஏறக்குறைய 1 கி.மீ. 30 நொடிக்குள் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு உறுதியான கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். தனிமரத்தின் அடியில் ஒதுங்காதீர்கள்.

சாரல்விரும்பி:

இவ்வளவும் குறித்துக்கொண்டேன். கணினியில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

பனிப்படலம்:

டீஹேஸைத் தொடாமல் தொடங்குங்கள். பனியை எடுக்கத்தான் போனோம், அந்த ஸ்லைடர் அதைத்தான் அழிக்கும். இரைச்சலையும் சென்சார் தூசியையும் சேர்த்தே தோண்டி வெளியே கொண்டுவரும்.

கேமராவில் ஒயிட் பேலன்ஸை 6500 கெல்வினில் நிறுத்திவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் தாவாது. ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்தால் பின்னர் மாற்றலாம்தான், ஆனால் பனோரமா இணைக்கும்போது ஒரே எண்ணாக இருப்பது வசதி. காட்டுக்குள் இலை வழியே வடியும் ஒளியில் பச்சை ஏறியிருக்கும். டின்ட்டை மெஜந்தா பக்கம் சிறிது தள்ளுங்கள், பாறையின் சாம்பல் சாம்பலாகத் தெரிகிற வரை. பச்சையின் செறிவை 10 அல்லது 15 குறைத்து, அதன் ஒளிர்வையும் சற்று இறக்கினால் ஈர இலை கனமாகத் தெரியும். செறிவைக் கூட்டினால் பிளாஸ்டிக்.

கறுப்பை இடது ஓரம் வரை இழுப்பது ஈரக் காட்டுக்குச் சரி. பனிக்குக் கூடாது. அங்கே கறுத்த அடிமரம்கூட உண்மையில் அடர்சாம்பல்தான்.

ஈரமானி:

கணினிக்குப் போகும் முன் கேமராவைக் கவனிக்க வேண்டும்.

குளிர்ந்த வெளியிலிருந்து வெதுவெதுப்பான ஈர அறைக்கு வந்தால் லென்ஸ்மேல் நீர் படியும். குளிரூட்டிய வண்டியிலிருந்து புழுக்கமான காட்டுக்குள் இறங்கினாலும் அதே கதை. கண்ணாடியின் வெப்பம் காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இருக்கும் வரை துடைக்கத் துடைக்கப் படியும். இடம் மாறும் முன்பே கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, அறை வெப்பத்துக்கு வரும்வரை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். மெமரி கார்டை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பொறுமை இருக்கும். ஆவி படிந்திருக்கையில் லென்ஸைக் கழற்றினால் சென்சார்மேலும் படியும்.

வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே மூடிகளைத் திறக்க வேண்டும். பேட்டரி, கார்டு வெளியே. ஹுட், ஃபில்டர் தனியாக. ஃபில்டரை ஈரத்தோடு விட்டால் வளையம் இறுகிக்கொள்ளும். அரிசி மூட்டையில் புதைக்காதீர்கள், தூசியும் மாவும்தான் உள்ளே போகும். ஹேர் டிரையரும் வேண்டாம், சூடு பசையை இளக்கும், காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளும்.

சாரல்விரும்பி:

சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைத்தால் போதுமா, டிரை கேபினட் வேண்டுமா?

ஈரமானி:

காற்றுப் புகாத டப்பாவும் ஈரப்பத மீட்டரும் இருந்தால் ஜெல் போதும். 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அழைப்பு. 30க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் வறளும், ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். நனைந்த லென்ஸை நேரே டப்பாவில் வைக்கக் கூடாது, ஒரு ராத்திரி காற்றோட்டத்தில் உலர்ந்த பிறகே.

நீல ஜெல் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு ஜெல் பச்சையானாலோ ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில், தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி 2, 3 மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, சமையல் தட்டில் வேண்டாம்.

கறுப்புக்குடை:

கேமரா பையை மறந்துட்டீங்க. கேமராவ ஒரு ராத்திரி காய வச்சுட்டு, ஈரமா இருக்கிற அதே பையில திரும்ப வச்சு மூடுறவங்க நிறையப் பேர். உள்ள இருக்கிற ஸ்பாஞ்சுத் தடுப்பெல்லாம் உருவி எடுத்து ரெண்டு நாள் காத்துல போடுங்க. மழை உறையையும் விரிச்சு மாட்டுங்க, மடிச்சு வச்சா நாறும்.

சாரல்விரும்பி:

கடைசியாக ஒன்று. தூறலுக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்து வானவில் வந்தால், போலரைசரைக் கழற்ற வேண்டுமா?

நனைந்தபாறை:

கழற்ற வேண்டாம், திருப்புங்கள். வானவில்லின் ஒளியும் பெருமளவு ஒரே தளத்தில் அதிர்வதுதான். ஒரு நிலையில் வில் பளிச்சென்று எழும், 90 டிகிரி திருப்பினால் மறைந்துவிடும். முழு வில்லையும் எடுக்கும்போது உச்சிக்குச் சரியான நிலை கால்களுக்குச் சரிப்படாது, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துங்கள்.

சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றி 42 டிகிரியில் வில் நிற்கும். உங்கள் தலை நிழல் விழும் திசைதான் அதன் நடு. சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் சமதரையில் நின்று பார்ப்பவருக்கு வில் கிடைக்காது. கால் முதல் கால்வரை அதிகபட்சம் 84 டிகிரி அகலம், ஃபுல் ஃப்ரேமில் 20 மி.மீ. அதைச் சரியாக ஓரத்தோடு ஓரமாக அடைக்கும். கொஞ்சம் இடம் விட உங்கள் 16-35ஐ 16, 18இல் வைக்க வேண்டும்.

முக்காலி:

ஆக 16-35ஐயும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் மாற்றுவது வண்டிக்குள் அல்லது கூரைக்குக் கீழே மட்டும்.